பழைய வீட்டுக் காகிதக் கட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிக் கரையில் ஒரு பழைய வீடு. வாரிசுகள் மனம் ஒப்பி விட்டுக்கொடுத்ததால் இன்று அது நினைவு இல்லமாக நிற்கிறது. முன்பக்கத் தார்சா, கூடமான பட்டாசல், உள்ளறையான அரங்கு, மேலே மச்சு எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. அந்த வீட்டுக் காகிதங்களையும் ஏடுகளையும் ஒழுங்கு செய்வது என் வேலை. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பவை, தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கட்டைப் பற்றித் தொலைபேசியில் கேட்பவை, எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நினைவு இல்லம் என்றால் கட்டிலும் படமும்தானே? அங்கே காகிதத்துக்கு என்ன வேலை?

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி.யின் வீடு, இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீடு என்று நம் சீமையில் நினைவு இல்லங்களுக்குக் குறைவில்லை. போகிறவர்கள் படங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அது அவர்கள் தப்பில்லை, கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்தவர் எந்த வருஷம் கடன்பட்டார், யாருக்குக் கடிதம் போட்டார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வைத்தியருக்கு எத்தனை அணா கொடுத்தார் என்பதெல்லாம் மச்சில் கிடந்த கட்டுகளில்தான் இருக்கிறது. அந்தக் கட்டுகளைப் பூச்சியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காப்பாற்ற வேண்டும், எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும், கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் காட்ட வேண்டும். ஆவணக் காப்பு என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

அந்த வீட்டில் என்னென்ன கிடைத்தது?

பெரிய மனிதர் வீடு இல்லை. நிலபுலன் இருந்த, படிக்கத் தெரிந்த ஒரு குடும்பம். அரங்கில் இருந்த மரப்பெட்டியில் ஒத்திப் பத்திரங்கள், கடன் முறிகள் (கடன் சீட்டுகள்), தீர்வை ரசீதுகள். மச்சில் துணி சுற்றிய கணக்குக் கட்டுகள்: அன்றாடச் சிட்டை தனி, பேரேடு தனி. கார் அறுவடைக்கும் பிசான அறுவடைக்கும் தனித்தனியாக எழுதிய நெல் கணக்கு. கல்யாண வீட்டுச் சுருள் (மொய்) நோட்டுகள். ஜாதகங்கள் ஒரு ஓலைப்பெட்டி நிறைய. ஏட்டுச் சுவடிகள் கொஞ்சம். அப்புறம், உத்திரத்து ஆணியில் தொங்கிய கம்பி ஒன்று. வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகக் குத்திக் கோத்து வைத்த கம்பி. அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டு கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய?

பிரிக்காதீர்கள். எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல இடம் உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன்.

கட்டு எங்கே இருந்தது, எந்தப் பெட்டியில், எதற்குக் கீழே, என்ன துணியில், என்ன கயிற்றில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருந்த இடத்திலேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். அதற்குப் பிறகு கீழே இறக்கலாம்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டால், நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் அந்தக் கடிதக் கம்பியை இறக்கினேன். கடிதங்களைக் கழற்றி, எழுதினவர் பெயர்படி பிரித்து அடுக்கினேன். மருமகன் எழுதியது ஒரு பக்கம், வக்கீல் குமாஸ்தா எழுதியது ஒரு பக்கம், மதுரையில் படித்த பையன் எழுதியது ஒரு பக்கம். பார்க்க அழகாக இருந்தது. சில மாதம் கழித்துத்தான் உறைத்தது. பாதிக் கடிதங்களில் தேதியே இல்லை. ‘நாளது மாதம்’ என்றும் ‘வருகிற வெள்ளிக்கிழமை’ என்றும் எழுதியிருந்தார்கள். கம்பியில் இருந்தவரை அவற்றுக்குத் தேதி தேவைப்படவில்லை, ஏனென்றால் முதலில் வந்த கடிதம் அடியில் இருக்கும், கடைசியில் வந்தது மேலே இருக்கும். மேலும் கீழும் தேதியிட்ட கடிதம் இருந்தால் நடுவில் உள்ளது எந்த வாரம் வந்தது என்று சொல்லிவிடலாம். அந்த வரிசையை நான் என் கையால் கலைத்துவிட்டேன்.

கொஞ்சம் மீட்டோம். கம்பி துளைத்த ஓட்டையைச் சுற்றித் துருக்கறை படிந்திருந்தது. அடுத்தடுத்து இருந்த தாள்களில் கறையின் வடிவம் ஒன்றுபோல இருந்தது. பூச்சி அரித்த பாதையும் உதவியது. பூச்சி ஒரு தாளோடு நிற்பதில்லை, பத்துப் பன்னிரண்டு தாளைத் துளைத்துக்கொண்டு சாய்வாகப் போகும். ஓட்டை எப்படி இடம் மாறிக்கொண்டே போகிறது என்று தாளை மேசை விளக்கில் பிடித்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினோம். அப்படியும் எல்லாவற்றையும் சேர்க்க முடியவில்லை. சேராதவை இன்றும் தனி உறையில் இருக்கின்றன.

ஒரு கடிதத்தின் பொருளில் பாதி அதற்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதில் இருக்கிறது. பத்திரத்தோடு ஒரு கல்யாணப் பத்திரிகை கட்டப்பட்டிருந்தால் அந்த நிலம் எதற்காக ஒத்திக்குப் போனது என்று ஊகிக்க வழி உண்டு. பத்திரிகையை எடுத்துப் பத்திரிகைகளோடு சேர்த்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பத்திரத்தில் போட்டிருக்கும் தேதி புரியவில்லை. ஆங்கிலத் தேதிக்கு எப்படி மாற்றுவது?

நம் பக்கத்துப் பழைய ஆவணங்களில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று கொல்லம் ஆண்டு, இன்னொன்று பிரபவ முதல் அட்சய வரை வரும் அறுபது வருஷப் பெயர்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. திருநெல்வேலிப் பக்கம் ஆவணியில் வருஷம் பிறக்கும். அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை உள்ள தேதிக்கு 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825ஐக் கூட்டுங்கள். மார்கழிதான் கொஞ்சம் ஏமாற்றும், அந்த மாதத்தின் பின்பாதி ஜனவரிக்குள் வந்துவிடும்.

வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறக்கக் கூடாது. எங்களிடம் ஒரு நெல் கடன் முறி இருக்கிறது. ‘தாது ௵ தை ௴’ என்று ஆரம்பிக்கிறது. தாது வருஷம் 1816இலும் பிறந்தது, 1876இலும் பிறந்தது, 1936இலும் பிறந்தது. முறியின் தலைப்பில் கொல்லம் 1052 என்று இருந்ததால் பிரச்சினை தீர்ந்தது: 1877 ஜனவரி. அதாவது ஊரெல்லாம் இன்றும் பேசும் தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில் எழுதிய முறி. இதுவே கொல்லம் 1112 என்று இருந்தால் 1937 ஜனவரியாக இருந்திருக்கும், கதையே வேறு. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று எப்போதும் சரிபாருங்கள். பொருந்தவில்லை என்றால் நாம் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

தேதியே இல்லாத தாளுக்கும் வழி உண்டு. இந்தியாவில் தபால் அட்டை வந்ததே 1879இல்தான். அஞ்சல் தலையில் எட்வர்ட் தலை என்றால் 1902க்குப் பிறகு, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911க்குப் பிறகு, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1937க்குப் பிறகு. அணா, பைசாக் கணக்கு 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததோடு மெல்ல மறைகிறது. செங்கோட்டைப் பக்கத்துக் காகிதமாக இருந்தால், அந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது என்பதை மனதில் வையுங்கள். அங்கே திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தின் கணக்கு வரும்.

எழுத்து தமிழ் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. ஏன்?

பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் நெடிலுக்கு ஒரே ஒற்றைக் கொம்புதான் போடுவார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள். அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்காமல், பொருளைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். பத்திரங்களில் இது அவ்வளவு கஷ்டமில்லை, எல்லாப் பத்திரமும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் நடக்கும். ஒன்றை முழுக்கப் படித்துவிட்டால் அடுத்தது தானாக வழிவிடும். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது பல சமயம் காதுக்குப் பிடிபடும்.

எண்களுக்கு ௰ என்றால் பத்து, ௱ என்றால் நூறு, ௲ என்றால் ஆயிரம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. பின்னங்களில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. நெல் கணக்கில் நம் பக்கத்துக் கோட்டை 21 மரக்கால். ‘கோட்டை விதைப்பாடு’ என்று வந்தால் அது நெல்லின் அளவு இல்லை, ஒரு கோட்டை விதை விதைக்கக்கூடிய நிலத்தின் அளவு. இந்த ஒரு சொல்லில் தடுமாறி, நிலத்தை நெல்லாகப் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏட்டுச் சுவடிக்கு எண்ணெய் பூசலாமா?

எழுத்தாணியால் கீறி எழுதிய ஏடாக இருந்தால், பழகின ஒருவர் கண் முன்னே இருந்தால், பூசலாம். அதற்கென்று உள்ளது எலுமிச்சைப்புல் எண்ணெய் போன்ற, காய்ந்தால் பிசுக்கு விடாத எண்ணெய். மெல்லிய துணியில் தொட்டு, ஏட்டின் நீளவாக்கில் மெதுவாக ஒற்றுவது. காய்ந்து இறுகிய ஏடு கொஞ்சம் வளைந்துகொடுக்கத் தொடங்கும். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். வர்ணம் தீட்டிய ஏட்டில் எந்த எண்ணெயும் படக் கூடாது. ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தி விட்டு நெம்பாதீர்கள், உடையும்.

எழுத்து தெரியவில்லை என்று மை பூச அவசரப்படாதீர்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் கீறல் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். பெரும்பாலான ஏடுகளை நாங்கள் அப்படியேதான் படித்தோம்.

செல்லரித்த ஏடுதானே, ஆற்றில் விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட ஏடுகள் எத்தனையோ. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி நம் சீமைக்கு வந்தபோது, கரிவலம்வந்தநல்லூரில், கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெருப்பில் போட்டுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். அதே திருநெல்வேலிச் சீமையில்தான் தெற்குப் புதுத்தெருக் கவிராயர் வீட்டில், தூசி இல்லாமல் ஒழுங்காகக் கட்டி அடுக்கி வைத்த சுவடிகளைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அரித்த ஏட்டிலும் அரிக்காத வரி இருக்கும். இன்னொரு ஊரில் உள்ள பிரதியில் விடுபட்ட இடத்தை உங்கள் வீட்டு ஏடு நிரப்பலாம். தயவு செய்து விடாதீர்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா?

வேண்டாம். அதை மோந்துகொண்டே படிக்கிறவருக்குத்தான் கெடுதல், பூச்சி வேறு மூலைக்குப் போய்விடும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் நம் வழக்கம்தான், நல்லதுதான். ஆனால் தாளுக்கு நடுவில் வைக்காமல் சின்னத் துணிமுடிப்பாகக் கட்டிப் பெட்டி மூலையில் வையுங்கள். தாளுக்கு நடுவில் வைத்த இலையின் கறை நூறு வருஷமானாலும் போகாது.

கரையான், இராமபாணம், கரப்பான் மூன்றுக்கும் மருந்தைவிட இடம்தான் முக்கியம். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஆடிக் காற்று முடிந்ததும் புழுதி தட்டுங்கள், ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். கையில் எடுக்கும்போது மாவு மாதிரி உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கலாம். அப்போது கட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரிக் குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வைப்பதுண்டு. வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

காகிதம் வெள்ளத்தில் நனைந்துவிட்டது. என்ன செய்ய?

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அந்த வாரம் வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரு ஆச்சியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. “தம்பி, எல்லாத்தையும் தட்டட்டியில வெயிலுக்குப் போட்டுட்டேன், சரிதானே?” என்றார்கள். சரியில்லை, ஆனால் அவர்களுக்கு வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

வெயிலில் போட்டால் தாள் சுருண்டு இறுகும், மை வெளுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள், காற்று நேரே தாளில் அடிக்காமல். நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத்தாளோ உறிஞ்சுதாளோ வைத்து, அது நனைய நனைய மாற்றுங்கள். ஒட்டின தாளை ஈரத்தில் பிரிக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நிறைய இருக்கிறது, கை போதாது என்றால் கட்டோடு பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் உறையவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காய வைக்கலாம். ஊதா நிறக் காப்பியிங் பென்சிலில் எழுதியிருந்தால் அதை முதலில் கவனியுங்கள், ஈரம் பட்டால் மையாகக் கரைந்து ஓடிவிடும்.

கிழிந்த பத்திரத்தை லேமினேஷன் செய்துவிடலாமா?

கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது. செல்லோ டேப்பும் அப்படித்தான்; சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். வெளுக்காத காடாத்துணியில் சுற்றி, தட்டையாக ஒரு அட்டைக்குள் வையுங்கள், போதும்.

கையுறை போட வேண்டுமா?

புகைப்படத்துக்கு வேண்டும். காகிதத்துக்கு, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கைதான் நல்லது. கையுறை போட்டால் தாளின் ஓரம் கைக்குத் தெரியாது, கிழிந்துவிடும். பக்கத்தில் பேனா வேண்டாம், பென்சில் மட்டும்.

படம் எடுத்தாயிற்று. இனி மூலம் எதற்கு?

துருக்கறையையும் பூச்சி போன பாதையையும் பற்றிச் சொன்னேனே, அதற்கு. படம் எழுத்தைத் தரும். தாளின் கனம், மடிப்பு, ஊசி குத்தின ஓட்டை எதையும் முழுக்கத் தராது. படமும் கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும். தார்சாவில் காலை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பின்பக்கத்தையும் வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். கோப்புப் பெயரில் கட்டு எண்ணும் தாள் எண்ணும் வரட்டும். மூன்று இடத்தில் சேமியுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

குடும்பச் சண்டை, கடன், அந்தரங்கம் எல்லாம் அதில் இருக்குமே. எல்லோருக்கும் காட்டுவீர்களா?

இல்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய காகிதம் மூடியே இருக்கும். குடும்பத்தார் கேட்டுக்கொண்ட சில உறைகளில், திறக்க வேண்டிய வருஷத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம். சாதியைச் சொல்லி ஏசிய வரிகள் பழைய கடிதங்களில் வரத்தான் செய்கின்றன. அவற்றை அழிப்பதோ மறைப்பதோ இல்லை, ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்வைக்கு விடுவதும் இல்லை. இன்னொன்று: கடிதம் நம் கையில் இருந்தாலும் அதை அச்சிடும் உரிமை எழுதினவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. எழுதினவர் இறந்து 60 வருஷம் வரை அந்த உரிமையை மதிக்க வேண்டும்.

நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள கையெழுத்துச் சுவடி தொல்பொருளாகிவிடும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உள்ளூரில் விற்பது உங்கள் முடிவு. ஆனால் வாங்குகிறவர் நாலு நல்ல தாளை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைப் பழைய பேப்பருக்குப் போடுவார் என்றால் கொடுக்காதீர்கள்.

பெரிய ஆள் யாருமே இல்லாத வீட்டின் கணக்கு நோட்டை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

வருகிறார்கள். சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். அவருடைய தாத்தா இந்த வீட்டு வயலில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிட்டவர். தாத்தாவின் பெயரைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை, படம்கூட இல்லை. பேரேட்டில் பெயர் வந்தது: எந்த வருஷம் எத்தனை கோட்டை அளந்தார், எந்த வருஷம் பாக்கி நின்றது என்று. அப்புறம் ஒரு ஒத்திப் பத்திரத்தின் அடியில் அதே பெயர், பக்கத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு கீறல். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் தற்குறிக் கீறல் அது. மை ஒரு பக்கம் கனமாக இறங்கி, மறுபக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. பேனாவைப் பிடித்துப் பழகாத கை.

அண்ணாச்சி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. “தொடலாமா?” என்று மட்டும் கேட்டார். தொடச் சொன்னேன். விதிப்படி கூடாதுதான்.

எங்கள் கட்டை உங்களிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உங்களாலேயே பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும் என்றால் இன்னும் நல்லது, படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். வருவதற்கு முன் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள்: இதை யார் கட்டினது, எந்த அறையில் இருந்தது, யார் கை வைக்கக் கூடாது என்று சொல்வார்கள் என்று. சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கட்டைப் பிரிக்காமல் ஒரு கடகப்பெட்டியில் வைத்து, மேலே துணி போட்டுக் கொண்டுவாருங்கள். பேருந்தில் வந்தால் மேல் பலகையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.